தரை மட்டம் எனக் கொள்க

1957 ஜூலை 24, புதன்

இன்று ஆசிரியர் கூட்டம். மலையாள நாட்டுக்குத் திரும்பிப் போன கணக்கு வாத்தியாருக்குப் பதில் ஆள் கிடைக்கவே இல்லையாம். ஜனவரியிலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை இங்கிருப்பவர்களே எடுக்க வேண்டும், ஆண் பிள்ளைகள் பக்கத்துக்கு ஒருவர், பெண் பிள்ளைகள் பக்கத்துக்கு ஒருவர் என்று தலைமையாசிரியர் சோமசுந்தரம் சொன்னார். அதற்காக ஹட்டனிலேயே ஆசிரியர்களுக்கு எக்ஸும் வையும் வரும் அட்சரகணிதமும், முக்கோணங்களின் திரிகோணகணிதமும் சனிக்கிழமைகளில் நடக்கப் போகிறது. நவம்பரில் பரீட்சை.

"ஆண்கள் பக்கத்துக்கு வடிவேல் போறார். பெண்கள் பக்கத்துக்கு நம்ம நாகலெட்சுமி டீச்சர். பட்டதாரி. என்ன டீச்சர்?"

என் பட்டம் சரித்திரத்தில். கணக்கைக் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்பில், அதுவும் தட்டுத் தடுமாறி. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

என் வாழ்க்கையில் பாதி முடிவுகள் இப்படித்தான் ஆகின்றன. நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது.

ஆகஸ்ட் 3, சனி

முதல் வகுப்பு. எல்லோரும் ஆண்கள், நான் ஒருத்தி. வாசலுக்குப் பக்கத்தில், நீள வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நடத்துபவர் கணேசமூர்த்தி என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வயதுக்கு மேல் இராது. காலை ரயிலில் கண்டியிலிருந்து வருகிறார். மத்தியான ரயிலுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் வந்த நிமிஷத்திலிருந்தே அவர் முகத்தில் இருக்கிறது.

"விளங்கினதோ? விளங்காட்டில் கேளுங்கோ. இஞ்சை வெக்கப்பட்டால் வீட்டை போய் அழவேண்டியதுதான்."

சொல்லிக்கொண்டே பலகையை அழித்துவிடுகிறார். மூன்றாவது வரிக்குப் பிறகு எனக்கு விளங்கவில்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீட்டுக்கு வந்து அழவும் இல்லை. மூன்றாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

இதை எழுதாமல் இருந்தால் நல்லது. ஆனாலும் எழுதுகிறேன்.

உயரமும் தூரமும் என்று ஒரு பகுதி. ஒருவன் ஒரு கோபுரத்தை நோக்கி நூறு அடி நடக்கிறான். அதன் உச்சியின் ஏற்றக்கோணம் முப்பது பாகையிலிருந்து அறுபது பாகை ஆகிறது. கோபுரத்தின் உயரம் என்ன? "நாகலெட்சுமி, வாங்கோ. படத்தைக் கீறுங்கோ."

போனேன். சாக்கட்டியை எடுத்தேன். தரையை வரைந்தேன், கோபுரத்தை வரைந்தேன், கீழே சின்னதாக ஒரு மனிதனையும் வரைந்தேன். பின்னால் ஒரு சிரிப்பு.

கணேசமூர்த்தி எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை இது? கோபுரம் வழுக்கி விழப்போகுதே?"

அப்போதுதான் பார்த்தேன். நான் வரைந்த தரை, பலகையின் இடது மூலையிலிருந்து வலது பக்கமாக ஏறிக்கொண்டு போனது. யோசித்து வரையவில்லை. கை அப்படிப் போயிருக்கிறது.

வடிவேல் மாஸ்டர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சேர், டீச்சருக்கு மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டம். அங்க தரைன்னா அப்பிடித்தான். மேல் லயத்து வீட்டுக் கோழி முட்டை போட்டா, கீழ் லயத்து வாசல்லதான் பொறுக்கணும்."

அறை முழுக்கச் சிரிப்பு. வேறொருத்தியைப் பற்றியென்றால் நானும் சிரித்திருப்பேன்.

"கணக்கிலை தரை எண்டால் மட்டம்," என்றார் கணேசமூர்த்தி. "எப்பவும் மட்டம். எழுதிக்கொள்ளுங்கோ."

எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். ஒருவன் நடந்தான் என்று படித்தால் என் மனதில் அவன் ஏறுகிறான், அல்லது இறங்குகிறான். குழாயடிக்கு ஏற்றம், ரோட்டுக்கு இறக்கம், கோயிலுக்கு ஏற்றம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கையில் ஆற்றோரம் நடந்தபோதுகூட அறைத்தோழி ஒருத்தி கேட்டாள்: ஏன் குனிந்தே நடக்கிறாய், முதுகில் கூடையா இருக்கிறது என்று.

செப்டம்பர் 1, ஞாயிறு

காளியாயி சின்னம்மா வந்தது. எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா; நடுவில் ஒரு சுவர்தான். மகள் மீனம்மா என் பள்ளிக்கூடத்தில்தான், ஒன்பதாம் வகுப்பு.

"லெச்சுமி, நேராவே கேக்குறேன். சனவரியில பொம்பளப் புள்ளைகளுக்குக் கணக்கு இருக்கா, இல்லியா?"

"இருக்கும் சின்னம்மா. நான் பாஸ் பண்ணினா."

"நீயா பாஸ் பண்ண மாட்ட? பேராதனையவே முடிச்சவ."

உள்ளே இருந்து அம்மா: "அது வேற கணக்காம். டிகிரின்னா படிப்பு முடிஞ்சதுன்னு சொன்னா. இப்ப பாரு, மறுபடியும் மொதல்லேருந்து."

சின்னம்மா சிரிக்கவில்லை. வெற்றிலையை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா இரண்டு தரம் கேட்டுவிட்டாராம்: புள்ள வளந்துடுச்சே, கொழுந்து பறிக்கப் பேரு பதியலியா என்று. பொங்கல் வரைக்கும் பார்ப்பதாகச் சின்னம்மா சொல்லி வைத்திருக்கிறது.

"நர்சு வேலைக்குக் கணக்குல பாஸ் கேக்குறாங்களாம்ல? கணக்கே இல்லாத பத்தாம் வகுப்புக்கு நான் எதுக்கு அனுப்பணும்? தையல் படிக்கவா அம்புட்டு தூரம் பஸ்ல போவா? கணக்கு உண்டுன்னா அவ போவட்டும். இல்லேன்னா தை பொறந்ததும், காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு என்கூட வரட்டும்."

மீனம்மா வாசற்படியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் மடியில் விரித்துக் கிடந்த புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழாகவே வாசித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 9, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஆசிரியர் அறையில் வடிவேல் மாஸ்டர்: "என்ன டீச்சர், கோபுரம் நிக்குதா?"

நான் சிரித்து வைத்தேன். அவர் போய் ரொம்ப நேரம் கழித்து, "நிக்குது" என்று சொன்னேன். அலுமாரியிடம்.

செப்டம்பர் 21, சனி

வகுப்பில் வைத்த அட்சரகணிதச் சோதனையின் புள்ளிகளை வாசித்தார். நான் மூன்றாவது! வடிவேல் மாஸ்டர் ஆறாவது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

இருபடிச் சமன்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் பார்க்காமல் உட்கார்ந்து, ஒன்றை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் நகர்த்தி, கடைசியில் அது தானாக வெளியே வருகிறது. படம் வரைய வேண்டாம். எழுந்து நிற்க வேண்டாம். மனிதர் யாரும் எங்கும் நடப்பதில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

திரிகோணத்தில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் "தரை மட்டம் எனக் கொள்க" என்று எழுதிவிட்டுத்தான் படத்தைத் தொடங்குவது. அடிக்கோட்டை அடிமட்டக் கட்டை வைத்துத்தான் போடுகிறேன். கையை நம்புவதில்லை.

ஃபெக்டரி வேலை முடிந்து வந்த அப்பா அந்தத் தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எங்கம்மா இருக்கு மட்டமான தரை? நம்ம தோட்டத்துலயே கோயில் வாசல் முத்தம் ஒண்ணுதான் மட்டம். அதுலயும் தீர்த்தத் தண்ணி ஒரு பக்கமாத்தான் ஓடுது."

"கணக்குக்காகப்பா. இருக்கிறதா வச்சுக்கணும்."

"அப்ப சரி. வச்சுக்க," என்றார், ஏதோ தன் அனுமதி வேண்டியிருந்தது போல.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளிக்குப் பிறகு மழை விடவே இல்லை. பஸ் கண்ணாடி முழுக்கப் பனிப்புகார் படிந்திருந்தது.

மீனம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், சனிக்கிழமை என்ன படிச்சீங்க?" ஒவ்வொரு திங்களும் கேட்கிறாள். கண்ணாடியில் விரலால் ஒரு முக்கோணம் வரைந்து, ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கண்டுபிடிக்கலாம் என்றேன். எப்படி என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பாதி வழியில் எனக்கே நூல் அறுந்தது. நோர்வூட் வரை அவள் காத்திருந்தாள். அப்புறம் முக்கோணம் வழிந்து ஓடிவிட்டது.

சனிக்கிழமை அதே இடத்தில்தான் எனக்கு விளங்காமல் போனது. கேட்டிருக்கலாம். அவர் பலகையை அழிக்கக் கையைத் தூக்கியபோது நானும் கையைத் தூக்கப் போனேன். தலைமயிரைச் சரி செய்துகொண்டேன்.

இப்போது விளங்காதது எனக்கு மட்டுமில்லை. மீனம்மாவுக்கும் விளங்கவில்லை. இதை ஏன் நான் முன்பே இப்படி நினைக்கவில்லை?

நவம்பர் 17, ஞாயிறு

வரும் சனி பரீட்சை. தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொன்னார்களாம்: "பட்டம் வாங்கின புள்ளைக்குக் கணக்கு வராதாம்." அம்மா சண்டை போட்டுவிட்டு வெறுங்குடத்தோடு வந்தது. நான் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். வழியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 23, சனி

காலையில் அட்சரகணிதம். நன்றாகச் செய்தேன்.

பிற்பகல் திரிகோணம். முதலிரண்டு கணக்கும் சுமார். மூன்றாவதில் பாதி விட்டேன். நாலாவது இது:

ஒரு மலையின் அடியில் நிற்கும் ஒருவனுக்கு அதன் உச்சியின் ஏற்றக்கோணம் 45 பாகை. உச்சியை நோக்கி, 30 பாகை சாய்வான பாதையில் அவன் 1000 யார் ஏறியபின் ஏற்றக்கோணம் 60 பாகை. மலையின் உயரம் காண்க.

வாசித்த உடனே கை சரிவைப் போட்டுவிட்டது. அழகாக, முப்பது பாகையில். அதன் மேல் மனிதனையும் வைத்தேன். அப்போது சிரிப்புக் கேட்டது. உண்மையாகவே காதில் கேட்டது. கோழி முட்டை. எப்பவும் மட்டம். அந்த முப்பது பாகை என்னைப் போன்றவர்களைப் பிடிக்க வைத்த பொறி என்று தோன்றியது. மற்றவர்கள் தாளில் எல்லாம் இப்போது ஒரு மட்டக்கோடு இருக்கும், என் தாளில் மட்டும் மறுபடியும் தோட்டம் இருக்கும் என்று—

அழித்தேன். அடிமட்டத்தை வைத்து மட்டமாக ஒரு கோடு. அதில் அவனை ஆயிரம் யார் நடக்கவிட்டேன். விடை 2366 யார். இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன்.

பஸ் நோர்வூட் தாண்டி ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. என் முதுகு தானாகப் பின்னால் சாய்ந்து இருக்கையில் அழுந்தியது. முன்னால் நின்ற ஒரு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறுது, ஏறுது, இன்னும் ஏறுது" என்று பாட்டு மாதிரிச் சொன்னான்.

ஏறியபின். ஏறியபின் என்று போட்டிருந்தது.

ஐயோ. ஏன்டி அழிச்ச? சரியாத்தானே போட்டிருந்த? உன் கண்ணு முன்னாடி எழுதியிருந்துச்சே, சாய்வான பாதைன்னு, ஏறினான்னு. அந்த அறையில, பொறந்ததுலேருந்து சரிவுல நடந்தவ நீ ஒருத்திதான். அந்தக் கணக்கு உனக்காகவே போட்ட கணக்குடி. யாரோ சிரிச்சாங்கன்னு—

பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் அந்தக் கணக்கை மறுபடி செய்தேன். 1366 யார். சரியாக ஆயிரம் யார் வித்தியாசம்.

நவம்பர் 24, ஞாயிறு

மீனம்மா வந்து கேட்டாள். "பரவாயில்லை" என்றேன். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

மழை. ரயில் ஒழுங்காக வருவதில்லை; தபாலும் இல்லை. முடிவு வராத வரைக்கும் நான் தோற்கவில்லை. இப்படி எத்தனை நாள் ஓட்டலாம்?

1958 ஜனவரி 8, புதன்

அட்சரகணிதம் 71. திரிகோணகணிதம் 34. நாற்பது வேண்டும். அந்த ஒரு கணக்குக்குப் பத்துப் புள்ளி.

வடிவேல் மாஸ்டர் இரண்டிலும் பாஸ்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். "பரவாயில்லை டீச்சர், அடுத்த தரம் எழுதுங்க. ஆண்கள் பக்கத்தை வடிவேல் பார்த்துக்குவார். பெண் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் தையலே போட்டுடலாம். என்ன?"

தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு வந்தேன்! பஸ்ஸில் மீனம்மா ஏறியபோது தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 9, வியாழன்

காலை மணிக்கு முன்பே தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகும்வரை என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன்; உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. மறந்ததும் நல்லதாகப் போயிற்று.

"சேர், தையல் வேணாம்."

அவர் பேனாவை வைத்தார்.

"பள்ளி விட்ட பிறகு வடிவேல் மாஸ்டரை எடுக்கச் சொல்லுங்க. பெண் பிள்ளைகளுக்குத் தனியா. அஞ்சு மணி பஸ்ஸுக்கு விட்டாப் போதும்."

"அந்த நேரத்தில பெண் பிள்ளைகளைப் பெத்தவங்க விடுவாங்களா டீச்சர்? ஒரு ஆம்பளை வாத்தியார்கிட்ட?"

"நான் கேக்குறேன் சேர்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் கீச்சென்று.

வடிவேல் மாஸ்டர் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "நானா? பள்ளி விட்டா நான் எங்க கடையில நிக்கணுமே டீச்சர். எங்கப்பா உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு." கோப்பையைச் சுற்றினார். "நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. சரி, வர்றேன். நீங்க பெயிலானதுக்குச் சிரிப்பேன்னு நினைச்சீங்களா? அந்த நாலாவது மலைக் கணக்கு இருக்கே, அதுல நானும் பாதிதான் போட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்தக் கணக்கை நான் எப்படி அழித்து எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஜனவரி 12, ஞாயிறு

காளியாயி சின்னம்மாவிடம் நானே போனேன். பாஸ் பண்ணவில்லை என்று முதலிலேயே சொன்னேன். சின்னம்மா அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டது. மூலையில் மீனம்மா சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

மாலை வகுப்பைப் பற்றிச் சொன்னேன்.

"ஆம்பள வாத்தியாரு. அந்தி நேரம். நாளைக்கு லயத்துல என்ன பேசுவாங்க?"

"நான் அங்கயே இருப்பேன் சின்னம்மா."

"எங்க இருப்ப? ஆபீசுலயா? வராந்தாவுலயா?"

"பக்கத்துல—"

"பக்கத்துல எல்லாம் வேணாம். உள்ளுக்கு இருக்கணும். கதவு திறக்குறதுலேருந்து பஸ்ஸு ஏறுற வரைக்கும். ஒரு நா நீ இல்லேன்னா மறுநா அவ கூடையத் தூக்குவா. சொல்லிட்டேன்."

பெயிலான கணக்கு வகுப்பில், என்னைப் பார்த்துச் சிரித்தவர் நடத்த, என் மாணவிகளோடு நான் உட்கார வேண்டும். வருஷம் முழுக்க.

"இருக்கேன்," என்றேன்.

"அப்ப கண்டாக்கு ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மீனம்மா சீருடையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மீனம்மாவுக்குப் பேர் பதியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

முதல் வகுப்பு. ஏழு பெண்கள். மற்றத் தாய்மாரும் அதே நிபந்தனையோடுதான் அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "டீச்சர், நீங்களும் படிக்கிறீங்களா?" என்றாள். மீனம்மா அவளைக் கிள்ளினாள்.

"ஆமா," என்றேன்.

வடிவேல் மாஸ்டர் சாக்கட்டியை இரண்டு தரம் கீழே போட்டார். முடிந்த பிறகு என்னிடம் மெல்ல, "நீங்க பின்னாடி உட்கார்ந்தா எனக்குத்தான் டீச்சர் பரீட்சை மாதிரி இருக்கு. கொஞ்சம் சன்னலையாவது பாருங்க," என்றார்.

ஜனவரி 29, புதன்

வடிவேல் மாஸ்டர் வேகமாகப் போகிறார். கடைக்குப் போகும் அவசரமாக இருக்கும். இன்று பலகையில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவினார். "விளங்குதா?" என்றார். ஏழு தலையும் ஆடியது.

பின்னால் இருந்து பார்த்தால் தெரிகிறது. தலை ஆடுகிறது, பேனா நிற்கிறது. மீனம்மாவின் பேனா நின்றுவிட்டிருந்தது. அவள் கழுத்து கொஞ்சம் உள்ளே போனது. அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும்.

அவர் அழிக்கக் கையைத் தூக்கினார்.

நானும் தூக்கினேன். தலைமயிருக்குக் கொண்டு போகவில்லை.

"எனக்கு விளங்கல்ல மாஸ்டர். அந்த வரி எப்படி வந்துச்சு?"

பொய்யில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஏழு பேரும் திரும்பினார்கள். வடிவேல் மாஸ்டர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பலகையைப் பார்த்தார். "ஆமா, எப்படி வந்துச்சு?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, நடுவில் இரண்டு வரி சேர்த்து எழுதினார்.

பேனாக்கள் ஓடத் தொடங்கின.

பிப்ரவரி 12, புதன்

இன்று அவர் தாவியபோது மீனம்மாவே கேட்டுவிட்டாள். எழுந்து நின்று, சத்தமாக. எனக்கு இன்று கேட்க ஒன்றும் இல்லை. ஐந்து கணக்குப் போட்டேன். நான்கு சரி.